மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் பள்ளியில் பணம் கட்ட வேண்டுமா?

பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய் கேட்டிருப்பது இது: "என் மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ தேறிவிட்டாள். சான்றிதழ்க் கட்டணம் என்று 1,000 ரூபாயும், இரண்டு வருடப் பஸ் கட்டண பாக்கியும் கட்டினால்தான் மதிப்பெண் சான்றிதழும் டி.சி.யும் தருவோம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். என் தம்பி மகன் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேறியிருக்கிறான். அங்கேயும் 200 ரூபாய் கேட்கிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா? மகளைக் கேரளத்தில் சுல்தான் பத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம்."

அம்மா, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் சான்றிதழுக்கென்று பள்ளியில் நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. 1,000 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் இந்தப் பதில் பொருந்தும். பஸ் கட்டண பாக்கி வேறு கதை. மகள் அந்தப் பஸ்ஸில் போய் வந்திருந்தால் அது நீங்கள் கொடுக்க வேண்டிய கடன்தான். ஆனால் அந்தக் கடனுக்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்கப் பள்ளிக்கு உரிமை இல்லை. இந்த இரண்டையும் மனதில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து பேசும்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் பேசுவார்கள்.

கல்வி அலுவலகத்தில் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மே, ஜூன் மாதங்களில் இதே கேள்வியோடு வரும் பெற்றோர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு கோபம் தங்கிவிட்டது. கட்டணம் எவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. கட்ட வேண்டுமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத் தயாரிப்பது பள்ளி அன்று. 1975-இல் தனித் துறையாக அமைக்கப்பட்ட அரசுத் தேர்வுகள் இயக்ககம்தான் வினாத்தாள் முதல் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அதன் தலைமை அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. அங்கே அச்சாகும் சான்றிதழ் மாவட்டத்துக்கு வந்து, பள்ளிக்கு வந்து, பிள்ளையின் கைக்கு வருகிறது. மணியார்டர் கொண்டு வரும் தபால்காரருக்கு அந்தப் பணத்தின் மீது என்ன உரிமையோ, அதே உரிமைதான் பள்ளிக்கு உங்கள் மகளின் சான்றிதழ் மீது.

அச்சுச் செலவுக்கு யார் கொடுத்தது? தேர்வுக்கு முன்பே நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். சமீப ஆண்டுகளில் பள்ளி மாணவர்களுக்கான தேர்வுக் கட்டணம் பத்தாம் வகுப்புக்கு 115 ரூபாய். பிளஸ் டூவில் செய்முறைத் தேர்வு உள்ள பாடப்பிரிவுக்கு 225 ரூபாய், இல்லாத பிரிவுக்கு 175 ரூபாய். மதிப்பெண் சான்றிதழுக்கான தொகையும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தமிழ் வழியில் படித்துத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கட்டணமும் கிடையாது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடிப் பிள்ளைகளுக்கும் விலக்கு உண்டு. உங்கள் தம்பி மகன் தமிழ் வழியில் படித்திருந்தால், அவனுடைய சான்றிதழுக்கான செலவை அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு மேலே கேட்கும் 200 ரூபாய்க்கு எந்த அரசாணையும் இல்லை.

அந்த 200 ரூபாயை என்ன பெயரில் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பெற்றோர் ஆசிரியர் கழக நிதி என்பார்கள், ஜெராக்ஸ் செலவு என்பார்கள், சென்னைக்கு ஆள் அனுப்பி வாங்கி வந்தோம் என்பார்கள். அலுவலகத்தில் இருப்பவர் நல்ல மனிதராகவும் இருப்பார், சிரித்த முகத்தோடுதான் கேட்பார். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு மனமுவந்து கொடுப்பது தவறே இல்லை. எத்தனையோ மலைக்கிராமப் பள்ளிகளில் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறைக் கதவும் அந்தப் பணத்தில்தான் வந்திருக்கின்றன. ஆனால் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நன்கொடை ஆகாது. ரசீது கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு சொல்லிலேயே பேச்சு முடிந்துவிடும். டி.சி.யும் இப்போது கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் ஒரு முத்திரையும்தான் அதற்குத் தேவை. மேற்படிப்புக்கும் உதவித்தொகைக்கும் கேட்கும் போனஃபைடு சான்றும் அப்படியே.

இதில் என்னை மிகவும் வருத்துவது பழங்குடிகளான பனியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளின் நிலை. வீட்டிலேயே முதன்முதலாகப் பத்தாம் வகுப்புத் தேறியவனாக இருப்பான். பணம் கேட்டார்கள் என்று வீட்டில் சொல்லவும் மாட்டான், பள்ளிக்குத் திரும்பிப் போகவும் மாட்டான். சான்றிதழ் பள்ளி அலமாரியிலேயே கிடக்கும். இரண்டு வருடம் கழித்து யாராவது ஒரு சமூகப் பணியாளர் கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் உண்டு. உங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், உங்கள் தம்பி மகன் போகிற அன்று அவனையும் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

இனி மகளின் தனியார் பள்ளிக்கு வருகிறேன். சிக்கல் இங்கேதான்.

அந்த 1,000 ரூபாயை முதலில் தள்ளிவிடலாம். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகள் தாங்களாக நினைத்த கட்டணத்தை வாங்க முடியாது. 2009-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. நிர்ணயித்ததற்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம், வாங்கியதைத் திருப்பித் தரவும் வேண்டும். பள்ளி அலுவலகத்தில், "எங்கள் பள்ளிக்கான கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையைக் காட்டுங்கள், அதில் சான்றிதழ்க் கட்டணம் எந்த வரியில் இருக்கிறது?" என்று அமைதியாகக் கேளுங்கள்.

பஸ் பாக்கி விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் உங்கள் பக்கம் நிற்கிறது. 2024 ஜூலையில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோர் அடங்கிய அமர்வு ஒரு தீர்ப்பு வழங்கியது. டி.சி. என்பது பெற்றோரிடமிருந்து கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அன்று, அது பிள்ளைக்குரிய தனிப்பட்ட ஆவணம் என்று அதில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 'கட்டண பாக்கி உள்ளது' என்றோ 'தாமதமாகக் கட்டினார்' என்றோ டி.சி.யில் எழுதவும் கூடாது. பாக்கி இருந்தால் பள்ளி அதைப் பெற்றோரிடம் சட்டப்படி வசூலித்துக்கொள்ளலாம். பிள்ளையை அதில் இழுத்து மனவேதனைக்கு ஆளாக்கினால், அது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்திருக்கும் துன்புறுத்தலுக்குள் வரும் என்று எச்சரிக்கும் அளவுக்கு அந்தத் தீர்ப்பு போயிருக்கிறது. கல்விச் சான்றிதழ் சந்தையில் விலை போகும் சரக்கு அன்று, ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆவது பிரிவைக் காட்டி அதை அடமானம் போலப் பிடித்து வைக்க முடியாது என்று இதே உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொல்லியிருக்கிறது. டி.சி.க்கு ஒரு தீர்ப்பு, சான்றிதழுக்கு ஒரு தீர்ப்பு. இரண்டுமே உங்களுக்கு உதவும்.

ஆனாலும் பஸ் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒரே தவணையில் முடியாது என்றால் மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். நம் மலையில் சிறு தனியார் பள்ளிகள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் கட்டணத்தில்தான் ஓடுகின்றன. பச்சைத் தேயிலை விலை விழுந்தால் பெற்றோர் கட்டுவது நிற்கும், ஆசிரியர் சம்பளமும் நிற்கும். அந்த நிர்வாகத்தின் நெருக்கடியும் உண்மையானதுதான். ஆனால் 17 வயதுப் பெண்ணின் சான்றிதழைப் பிடித்து வைத்து அதைத் தீர்க்கப் பார்ப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கான கடைசித் தேதி எந்தப் பள்ளியின் பாக்கிக்காகவும் காத்திருக்காது.

ஆகவே பள்ளியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சேர்க்கை வேலையை நிறுத்தாமல் நடத்துங்கள். தேர்வு முடிவு வந்தபின் தற்காலிக மதிப்பெண் சான்றிதழை, பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்து அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்திலிருந்து மகளே எடுத்துக்கொள்ளலாம். பள்ளியின் தயவு அதற்குத் தேவையில்லை. மத்திய அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஆதார் எண்ணைக் கொண்டு ஒரு கணக்குத் தொடங்கினால் மதிப்பெண் சான்றிதழ் அங்கேயும் கிடைக்கும். டிஜிலாக்கர் வழியாக வழங்கப்படும் ஆவணம் அசல் ஆவணத்துக்குச் சமம் என்று 2016-இல் வந்த மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. சேரம்பாடிப் பக்கம் செல்போன் சிக்னல் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான், அதனால் ஒருமுறை கூடலூர் போகும்போது இந்த வேலையை முடித்து, கைப்பேசியில் சேமித்து, இரண்டு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். உதகை, கொடைக்கானல் உறைவிடப் பள்ளிகளில் வேறு பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. சான்றிதழ்களும் டிஜிலாக்கரில் இருக்கின்றன.

பள்ளி இறங்கி வரவில்லை என்றால் எழுத்தில் இறங்குங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். தலைமையாசிரியர் அல்லது முதல்வர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். மகளின் பெயர், வகுப்பு, தேர்வுப் பதிவெண், எந்தத் தேதியில் யார் என்ன கேட்டார்கள், சான்றிதழையும் டி.சி.யையும் உடனே தர வேண்டும், தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பஸ் பாக்கியை இன்ன தவணையில் கட்டத் தயார் என்ற உறுதி. இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். வசைச்சொல் ஒன்றும் வேண்டாம். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தர மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டுவிட்டால் பல பள்ளிகள் சான்றிதழை எடுத்துக் கொடுத்துவிடும். இந்தக் காரணத்தைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட எந்த நிர்வாகமும் துணியாது.

அதன் பிறகும் நடக்கவில்லை என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். உங்கள் ஊரிலிருந்து உதகை 70 கிலோமீட்டருக்கு மேல். போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் நேரில் போகும் முன் 14417-ஐ அழையுங்கள், அது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். 1100 முதலமைச்சரின் உதவி மையம். அங்கே பதிவு செய்தால் மனு எண் கொடுப்பார்கள், அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நேரில்தான் போக வேண்டும் என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். ஒரே பயணத்தில் ஆட்சியரிடமும் கல்வி அலுவலரிடமும் மனுக் கொடுத்துவிடலாம். வழக்கறிஞர் வேண்டும் என்ற நிலை வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி உண்டு, அழைக்க வேண்டிய எண் 15100. அரசுப் பள்ளியில் கேட்கும் 200 ரூபாய்க்குத் தகவல் உரிமைச் சட்டமே போதும். 10 ரூபாய் கட்டணத்தோடு, "எந்த அரசாணையின்படி இந்தத் தொகை வசூலிக்கப்படுகிறது?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லாமே இலவசம் என்றும் நினைத்துவிடாதீர்கள். சில தாள்களுக்குப் பணம் உண்டு. மகளைக் கேரளத்தில் சேர்க்கப் போகிறீர்கள் அல்லவா? அங்கே பல கல்லூரிகளில் இடப்பெயர்வுச் சான்றிதழ் கேட்பார்கள். மைக்ரேஷன் சர்டிபிகேட் என்பது அதுதான். அதை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது, அதற்கென்று அரசு நிர்ணயித்த தனிக் கட்டணம் இருக்கிறது. சேர்க்கை உறுதியாகும் நிலை வந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள். விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகியவற்றுக்கும் கட்டணம் உண்டு, வேண்டுகிறவர்கள் மட்டும் கட்டுவது அது. சான்றிதழ் தொலைந்து இரண்டாம் படி வாங்குவதற்கும் அப்படியே. அரசுக்குப் போகும் பணத்துக்கு அரசின் ரசீது வரும். யாராவது, "கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கையில் வாங்கினால் அது கட்டணம் ஆகாது. பஸ் நிலையத்தைச் சுற்றியிருக்கும் கடைகளில் இரண்டாம் படி வாங்கித் தருவதாக ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஆவணம் தொலைந்தது என்ற அறிக்கையைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பணம் இல்லாமலே பதிவு செய்யலாம். அதற்குப் பிறகு விண்ணப்பத்தை எப்படி அனுப்புவது என்று படித்த பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளம், மண்சரிவு போன்ற பேரிடரில் சான்றிதழ் போனால் அரசே முகாம் நடத்தி இரண்டாம் படியை இலவசமாகக் கொடுத்ததும் உண்டு. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் அப்படிக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் வீடு இடிந்து ஆவணம் போனவர்கள், கிராம நிர்வாக அலுவலர் சேதக் கணக்கெடுக்க வரும்போதே தொலைந்த சான்றிதழ்களையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

சான்றிதழ் கையில் வந்ததும் லேமினேட் செய்துவிடாதீர்கள். மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்று பயந்து எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பிறகு வெளிநாட்டு வேலைக்கோ மேற்படிப்புக்கோ சான்றொப்பம் வாங்கப் போனால் சான்றிதழின் பின்பக்கம் முத்திரை வைக்க முடியாமல் போகும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, அடுப்பங்கரைச் சுவரிலிருந்து தள்ளி மேல்தட்டில் வைத்தால் போதும்.

இன்னொன்று, சான்றிதழை வாங்கிய இடத்திலேயே நின்று பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, தந்தை தாய் பெயர் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் படியுங்கள். நம் பக்கத்தில் இதை நான் சும்மா சொல்லவில்லை. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் தாத்தா பெயர் பழைய பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும், குடும்ப அட்டையில் வேறு மாதிரியும் இருக்கும். எல்லையோர வீடுகளில் மலையாள வழக்கப்படி வீட்டுப் பெயரின் எழுத்து முன்னால் வந்து நிற்கும். பள்ளியில் சேர்த்த அன்று யாரோ அவசரத்தில் எழுதிய எழுத்து, பன்னிரண்டு வருடம் கழித்து அச்சில் ஏறிவிடும். பொதுத்தேர்வுக்கு முன்னால் பெயர்ப்பட்டியலைப் பிள்ளைகளிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். திருத்துவதற்குச் சுலபமான நேரம் அதுதான், செலவும் இல்லை. அச்சான பிறகு பிழை தெரிந்தால் சேர்க்கைப் பதிவேட்டு நகலோடும் பிறப்புச் சான்றிதழோடும் பள்ளி மூலமாக இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலைச்சல்தான் பெரிய செலவு. உங்கள் மகளின் தற்காலிகச் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு எழுத்து தவறாக இருந்தாலும் பள்ளிக்கு எழுதும் கடிதத்திலேயே அதையும் சேர்த்துவிடுங்கள். தம்பி மகனின் தற்காலிகச் சான்றிதழையும் அப்படியே சரிபார்த்து, பிழை இருந்தால் அவன் பள்ளியில் உடனே சொல்லுங்கள். அவன் பிளஸ் ஒன் சேர்வதற்குள் திருத்த விண்ணப்பம் போய்விட வேண்டும்.